முடியாது என்றாள் கவெனா

அத்தியாயம் 14

மோமியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டு, கவெனா பொத்தானை அமுக்கினாள். மெஷின் உறுமத் தொடங்கியது. பட்டை ஊதிப் பெருத்தது. இரண்டு பேரும் சமையலறை ஜன்னல் வழியே மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹவாயில் எங்கள் ஹீலோ ஊர் மழையில் பார்க்க என்ன இருக்கிறது? தினமும் பெய்வதுதான். மெஷினில் விழப்போகும் எண்ணைப் பார்க்க இருவருக்குமே தைரியம் இல்லை.

"வாயை மூடிட்டு உட்காரு. பேசினா ஏறும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"நான் எங்கடி பேசினேன்? உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு ஏறுது," என்றாள் மோமி. "என்னமோ நீதான் பிரசவத்துக்குப் போறவ மாதிரி முழிக்கிறே."

மெஷின் அடங்கியது. நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வா என்று டாக்டர் சொல்லியிருந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம் கீழே.

போன வாரம் இவர்களை அந்த டாக்டரம்மாவின் அறையில் விட்டுவிட்டு வந்தோம். பிள்ளை நன்றாக இருக்கிறது, அழுத்தம்தான் ஏறிக்கொண்டே போகிறது, காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமை சேர்ந்துவிடுங்கள், மருந்து கொடுத்து வலி வரவைக்கலாம் என்றார் அவர். அதுவரை உப்பைக் குறைக்க வேண்டும். காலை நீட்டிப் படுக்க வேண்டும். மனதைக் கலங்கவிடக் கூடாது. கடைசி உத்தரவைப் போடும்போது டாக்டரம்மா மோமியைத்தான் பார்த்தார். திடுக்கிட்டவள் கவெனா.

இன்றுதான் வந்து நம்மோடு உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மோமியின் வயிற்றில் இருப்பது அவள் பிள்ளை இல்லை. அவள் அண்ணன் கெகோவாவுக்கும் அண்ணி கவெனாவுக்கும் ஹொனலூலு கிளினிக்கில் உருவான கரு அது. மோமி சுமக்கிறாள். இதற்கு ஊர் உலகம் வைத்திருக்கும் பெயர் வாடகைத் தாய். அந்தப் பெயரை மோமியிடம் சொல்லிப் பாருங்கள். "வாடகையா? எவன் குடுத்தான்? உப்புல போட்ட மாங்காயைக்கூட நானேதான் வாங்கித் தின்னேன்" என்பாள்.

கவெனாவும் மோமியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருத்தி வீட்டுப்பாடத்தை இன்னொருத்தி பார்த்து எழுதி, இரண்டு பேரும் ஒன்றாக அடி வாங்கியவர்கள். பிறகு கவெனா மோமியின் அண்ணனையே கட்டிக்கொண்டாள். அண்ணி என்ற மரியாதையெல்லாம் மோமியின் வாயில் கேலிக்கு மட்டும்தான் வரும். மற்ற நேரமெல்லாம் நீ, வா, போ, அடியே.

"சட்டை வாங்கிட்டியா?" என்று கேட்டாள் மோமி.

"எந்தச் சட்டை?"

"எந்தச் சட்டையா? எத்தனை தடவை சொல்றது? முன்னாடி பொத்தான் வச்ச சட்டைடி. பிள்ளை வெளிய வந்ததும் துடைச்சு நேரா உன் நெஞ்சு மேல போடணும்னு நர்ஸ்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். எனக்குக் காட்டக்கூட வேணாம், முதல்ல அவகிட்டக் குடுங்கன்னு சொல்லிட்டேன். நீ பாட்டுக்குக் கழுத்தை மூடின பனியனைப் போட்டுட்டு வந்து நிக்காதே."

"வாங்கிட்டேன்."

"என்ன கலரு?"

"மஞ்சள்."

"கறை தெரியும். பரவாயில்லை. முதல் கறை, வச்சுக்கோ."

கவெனா பட்டையைக் கழற்றி மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தாள். அவளுக்கு அந்தச் சட்டை வேண்டும். அந்தப் பிள்ளை வேண்டும். மூச்சு முட்டுகிற அளவுக்கு வேண்டும். அதில் பொய்யே கிடையாது. பொய் வேறு இடத்தில் இருந்தது.

அது எப்படி நுழைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹவுநானி அத்தை வீட்டில் சாப்பாடு. அத்தை என்றால் கெகோவாவின் அப்பாவுக்குத் தங்கை. குரலும் பெரிது, மனசும் பெரிது, கேள்விகளும் பெரிது. "எப்படா எனக்குப் பேரப்பிள்ளை?" என்பது சோற்றோடு பரிமாறப்படும் கேள்வி. கவெனா அன்று காலைதான் கடலிலிருந்து திரும்பியிருந்தாள். இழுவைப் படகில் துணைக் கேப்டன் அவள். இரவெல்லாம் சரக்கு மிதவையை இழுத்துக்கொண்டு வந்த களைப்பு. கேள்வி வந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியாது, அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வாக்கியம் தொண்டையில் தயாராக நின்றது. "எனக்குப் பிள்ளை வேணும், ஆனா சுமக்க மனசில்லை, நான் மாட்டேன்." அதை அவள் கெகோவாவிடம் என்றோ சொல்லியாகிவிட்டது. அவனும் சரி என்றவன்தான். அன்று அத்தையிடமும் சொல்லித் தீர்த்துவிடுவது என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் முதல் வாக்கியம் மேஜையில் விழுந்ததுமே அத்தை எழுந்துவிட்டாள். கவெனாவின் தலையை இழுத்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அந்த மார்பில் புதைந்துவிட்ட வாயிலிருந்து எந்த வாக்கியம் வெளியே வரும்?

மேஜையைச் சுற்றி எல்லோரும் அழுதார்கள். மோமி எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். "நான் சுமக்கிறேன்," என்றாள்.

எங்கள் ஊரில் ஒருவர் முடியாது என்றால், ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. முடியும் என்றால் வா, முடியாது என்றால் விடு. காரணம் கேட்பது அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது போன்ற அநாகரிகம். வேறு ஊராயிருந்தால் யாராவது ஒரு கிழவி, "ஏன்டி, என்ன கோளாறு? எந்த டாக்டர் சொன்னான்?" என்று குடைந்திருப்பாள். உண்மை அரை மணி நேரத்தில் வெளியே வந்திருக்கும். எங்கள் மரியாதை அன்று கவெனாவைக் காப்பாற்றியது. கவிழ்த்ததும் அதுதான்.

ஹொனலூலுவில் டாக்டர் கவெனாவைத் தனியாகக் கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள். உடம்பில் குறை இல்லை, விருப்பம் இல்லை. அவர் தலையாட்டினார். சட்டம் தடுக்கவில்லை, இப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஆலோசகர் மோமியையும் தனியாகக் கேட்டார். உங்கள் அண்ணி ஏன் தானே சுமக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? "தெரியும். அவளால முடியாது," என்றாள் மோமி. அவரும் தலையாட்டினார். அந்த ஒரு சொல் எல்லாச் சோதனையையும் தாண்டிப் போய்விட்டது.

சரி, ஏன் மனசில்லை? கவெனா தனக்குள்ளேயே நிறையத் தேடிப் பார்த்தவள்தான். கேப்டன் பதவி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, கர்ப்பிணியைப் படகில் ஏற்ற மாட்டார்கள். அது உண்மை. ஆனால் வேலையே இல்லாமல் வீட்டில் இருந்திருந்தாலும் அவள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அதுதான் பெரிய உண்மை. பயம் இல்லை. அருவருப்பும் இல்லை. தன் உடம்புக்குள் இன்னொருவர் குடியிருப்பதை அவள் மனம் ஒரு நாளும் விரும்பியதில்லை. அதற்கு ஒரு பெயர் கிடைத்திருந்தால் தேவலை. கிடைக்கவில்லை.

---

மத்தியானம் மோமி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு விருந்து. சர்ச்சுப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல். மண்குழியில் வெந்த பன்றிக்கறி, சேப்பங்கிழங்குக் கூழ், மக்ரோனி சாலட், அலுமினியத் தட்டு தட்டாக. மோமிக்கு மட்டும் உப்பில்லாத வெறும் சோறு.

"எனக்குத்தான் விருந்தாம், எனக்குத்தான் பட்டினியாம்," என்று புலம்பினாள் மோமி. நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, இன்னொன்றில் கால்களைத் தூக்கி வைத்திருந்தாள். கணுக்கால் என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. "அந்தப் பன்றி படுத்திருந்த குழியில என்னையும் படுக்க வச்சிருக்கலாம். சைஸ் சரியா இருந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கவெனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் கால்களைப் பார்த்தாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் மறையாத வீக்கம். அது தன் கால்களில் இருந்திருக்க வேண்டிய வீக்கம் என்ற நினைப்பு வந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டாள்.

ஹவுநானி அத்தை எழுந்து நின்று ஜெபம் சொன்னாள். அத்தை ஜெபம் சொன்னால் ஆண்டவருக்கு மட்டுமல்ல, துறைமுகத்துக்கும் கேட்கும்.

"ஆண்டவரே, ஒரு மகளோட கர்ப்பத்தை மூடினீரு. ஏன்னு நாங்க கேக்கல. இன்னொரு மகளோட கர்ப்பத்தைத் திறந்தீரு. அதுக்கு நன்றி சொல்றோம்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். கவெனாவின் உதடு மட்டும் அசையவில்லை. கடவுளிடம் ஒருத்தி தனக்காகப் பொய் சொல்கிறாள், அது பொய் என்றே அவளுக்குத் தெரியாது. அந்தக் கணக்கு யார் தலையில் விழும்?

ஜெபத்தோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். அத்தை கைதட்டினாள். இரண்டு பெண்கள் உள்ளேயிருந்து ஒரு பெரிய துணி மூட்டையைத் தூக்கி வந்து பிரித்தார்கள். போர்வை. வெள்ளைத் துணியில் பச்சைத் துணி வெட்டிப் பதித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை கையால் தைத்த சீமைப்பலா இலையும் காயும். எங்கள் பெண்கள் பிள்ளைக்குப் போடும் முதல் போர்வையில் அந்த மரம்தான் இருக்கும். அலை அலையாக ஓடும் தையல். ஒரு வருஷ வேலை.

"இது பிள்ளைக்கு இல்லடி," என்றாள் அத்தை, கவெனாவைப் பார்த்து. "உனக்கு."

"எனக்கா?"

"உனக்குத்தான். பிள்ளைக்கு ஆயிரம் பேர் குடுப்பாங்க. வயிறு திறக்காதவளுக்கு யார் குடுப்பா? மாசத்துல முதல் ஞாயிறு நாங்க எல்லாரும் உனக்காக உபவாசம் இருந்து தைச்சோம். நான் பட்டினி கிடந்தா என் வாய் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். உங்க மாமாவைக் கேளு, அந்த ஞாயிறெல்லாம் மனுஷன் வீட்டுக்கே வரமாட்டாரு." சிரிப்பு அடங்கியதும் அத்தையின் குரல் தழைந்தது. "ஒவ்வொரு தையலுக்கும் உன் பேரைச் சொல்லித்தான் ஊசியைக் குத்தினோம். இந்த மூலை இருக்கு பாரு, கோணல் மாணலா? அது மோமி தைச்சது. விரல் வீங்கி ஊசி பிடிக்க வரல. விடுடின்னா கேக்கல."

கவெனா அந்த மூலையைத் தொட்டாள். தையல் ஒரு இடத்தில் தடுமாறி, பிரித்துத் திரும்பப் போட்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் அழுதார்கள். அவள் எதற்கு அழுகிறாள் என்று தங்களுக்குத் தெரியும் என்றே அத்தனை பேரும் நினைத்தார்கள்.

---

வீட்டுக்குப் பின்னால் கெகோவா குழி வெட்டிக்கொண்டிருந்தான். பிள்ளையின் நஞ்சுக்கொடியைப் புதைத்து, அதன் மேல் சீமைப்பலாக் கன்று நடுவதற்கு. எந்த மண்ணில் கொடி கிடக்கிறதோ, அந்த மண்ணுக்குப் பிள்ளை திரும்பி வரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் அங்கே மண் எங்கே இருக்கிறது? ஒரு சாண் தோண்டினால் எரிமலைப் பாறை. கடப்பாரை விழுகிற ஒவ்வொரு தடவையும் நெருப்புப் பொறி பறந்தது.

"நான் இன்னிக்கு அவகிட்டச் சொல்லிடப்போறேன்," என்றாள் கவெனா.

கடப்பாரை நின்றது.

"பைத்தியமா உனக்கு?"

"அந்தப் போர்வையைப் பார்த்தியா நீ?"

"பார்த்தேன். பார்க்க முடியாமத்தான் இங்க வந்து பாறையை உடைச்சிட்டிருக்கேன்." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அன்னிக்கு அந்த மேஜையில நானும்தான் இருந்தேன். எனக்கும்தான் தெரியும். நானும்தான் வாயைத் திறக்கல. தப்பு உன் ஒருத்தியோடது இல்ல. ஆனா இப்ப வேணாம். திங்கட்கிழமை தாண்டட்டும். பிள்ளை கைக்கு வரட்டும்."

"வாங்கிட்டு அப்புறம் சொல்றதா? அதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"என்ன பேர் வேணா இருக்கட்டும். டாக்டர் என்ன சொன்னாங்க? கலங்கவிடாதேன்னாங்க. நீ சொன்னா அவளுக்கு ஏறும். ஏறினா அவளுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அவ என் தங்கச்சி, கவெனா. உன் மனசு லேசாகணும்னு அவ உசிரோட விளையாடுவியா?"

அவன் சொன்னதில் தவறு இருந்தால் அல்லவா கவெனா மறுக்க? சொன்னால் மோமிக்கு ஏறும். சொல்லாவிட்டால், மோமி ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு பிரசவ அறைக்குள் போவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி விழுவது அவளுக்குத்தான்.

"சரி," என்றாள் கவெனா. "திங்கட்கிழமை தாண்டட்டும்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். நான் சாட்சி.

---

சாயங்காலம் எல்லோரும் மிச்சச் சாப்பாட்டைத் தட்டுகளில் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கெகோவா பந்தல் கம்பிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். மோமியின் கணவனுக்கு இந்த மாதம் மவுயித் தீவில் கட்டட வேலை, நாளைதான் வருகிறான். அவர்களுடைய பெண் பிள்ளைகள் இரண்டையும் அத்தை கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கார் கொட்டகையில் மோமி சாய்வு நாற்காலியில் கிடந்தாள். பக்கத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கவெனா உட்கார்ந்து, அவள் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் மோமி. "திங்கட்கிழமைக்கு முன்னாடி சொல்லிடணும்னு இருந்தேன். திட்டக்கூடாது."

"சொல்லு."

"பிள்ளை உதைக்கிறான்னு ஆரம்பத்துல உனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டிருந்தேன்ல? அப்புறம் நிறுத்திட்டேன். நீ கேட்டாக்கூட, தூங்குறான், அமைதியா இருக்கான்னு சொல்லுவேன். கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"பொய்டி அதெல்லாம். ஆட்டம் போடுறான். ராத்திரி தூங்கவே விடறதில்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமா இருக்கும். உடனே உன் ஞாபகம் வரும். அவளால முடியாததை நாம அனுபவிக்கிறோமே, அவளோடதைத் திருடித் திங்கிற மாதிரி இருக்கேன்னு தோணும். அதனால சந்தோஷப்படுறதையே நிறுத்திக்கிட்டேன். உதைச்சா, சீக்கிரம் அடங்குடான்னு சொல்லிடுவேன்." மோமி மூக்கை உறிஞ்சினாள். "உன்கிட்டேர்ந்து மறைச்சதுக்கு மன்னிச்சுக்கோ. அவ்வளவுதான். இப்பத்தான் மூச்சு விட முடியுது."

கவெனாவின் கை நின்றுவிட்டது.

தான் செய்யாத திருட்டுக்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்கிறாள். கேட்டது யாரிடம்? கெகோவாவுக்குக் கொடுத்த வார்த்தை நினைவு வந்தது. டாக்டர் சொன்னது நினைவு வந்தது. எல்லாம் வந்தது. ஆனால் அந்த மன்னிப்பை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட அவளால் உட்கார முடியவில்லை.

"மோமி. என் உடம்புல எந்தக் குறையும் இல்ல."

"என்னது?"

"அன்னிக்கு அத்தை வீட்டுல முடியாதுன்னு சொன்னேன்ல? உடம்பால முடியாதுன்னு சொல்லல. எனக்கு மனசில்ல. சுமக்க மனசில்ல. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரும் அழுதீங்க. நீ எழுந்து வந்து நான் சுமக்கிறேன்னே. அப்புறம் என்னால... நான் சொல்லல. அன்னிக்கும் சொல்லல, அப்புறமும் சொல்லல."

மோமியின் பாதங்கள் இன்னும் கவெனாவின் மடியில்தான் இருந்தன. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கிளினிக் டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கண்ணனுக்கு?"

கவெனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"அத்தைக்கும் தெரியாது. யாருக்குமே..."

"அத்தை சுமக்கலையே." மோமி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது கவெனாவுக்கு. "மாட்டேன்னு ஒரு வார்த்தை இருக்குல்லடி? அது உன் வாயில வராதா? மாட்டேன்னு சொல்லியிருந்தா உன்னைக் கொன்னா போட்டிருப்போம்?"

"கேவலமா நினைப்பீங்கன்னு..."

"நினைச்சிருப்போம். ஒரு வாரம் நினைச்சிருப்போம். அத்தை ஒரு மாசம் நினைச்சிருப்பா. அப்புறம்?" மோமி மெல்ல ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு இன்னொன்று. "நீ சுமக்க மாட்டேங்கிறது எனக்குக் கோவமே இல்ல. உன் உடம்பு, உன் இஷ்டம். நீ எனக்காக எவ்வளவு அழுதேன்னு கணக்கு வைக்கல நான். ஆனா நான் உனக்காக அழுதேனே, ராத்திரி ராத்திரி, இந்த நாற்காலியில... அதைத் திருப்பிக் குடு."

கவெனாவின் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவும் கை வரவில்லை.

"ஒண்ணு கேக்குறேன். நீ அன்னிக்கு உள்ளதைச் சொல்லி, எனக்கு மனசில்ல, நீ சுமந்து குடுன்னு என்னைக் கேட்டிருந்தா, நான் என்ன சொல்லியிருப்பேன்? தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது," என்றாள் மோமி. "ஒருவேளை சரின்னிருப்பேன். ஒருவேளை செருப்பால அடிச்சிருப்பேன். யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன், தெரியல. இனிமே எப்பவுமே தெரியாது. அதைத்தான் நீ என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டே."

அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழ முயன்றாள். முடியவில்லை. கவெனா பாய்ந்து பிடிக்கப் போனாள். மோமி ஒரு கையை நீட்டித் தடுத்தாள். இரண்டாவது முயற்சியில் தானாகவே எழுந்தாள். சமையலறைக்குள் போனாள். மெஷினை எடுத்து, இடது கையில் பட்டையைத் தானே சுற்றி, பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். பொத்தானை அமுக்கினாள். கவெனா வாசற்படியில் நின்றபடி அந்த உறுமலைக் கேட்டாள். அது முடிவதற்குள் அவளுக்கு உயிரே போய்விட்டது.

மோமி எண்ணைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எவ்வளவு?"

மோமி மெஷினைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"மோமி, எவ்வளவுன்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா இப்பவே போயிடலாம். என்னை அப்புறம் திட்டு. அடி. எண்ணை மட்டும் சொல்லு."

"என் அண்ணனைக் கூப்பிடுறேன், வருவான். அவன் பார்த்துப்பான்."

வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் மோமி, இந்தப் பக்கம் கவெனா. கொட்டகையிலிருந்து எடுத்த அந்தப் போர்வை மூட்டை அவள் கையில். எடுத்துக்கொண்டு போவதா, அங்கேயே வைப்பதா என்று தெரியாமல் அணைத்துக்கொண்டு நின்றாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"திங்கட்கிழமை... பிள்ளையை முதல்ல என் நெஞ்சுல போடணும்னு நர்ஸ்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்னியே..."

மோமியின் கை தன் வயிற்றின் மேல் போய் நின்றது. உள்ளே இருப்பவன் உதைத்தான் போலிருக்கிறது. இந்தத் தடவை அவள் அவனை அடங்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, அந்த உதையை முழுசாக வாங்கிக்கொண்டாள்.

"என்னால முடியாது, அண்ணி," என்றாள். கேலி இல்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க."

நீங்க. பள்ளிக்கூடப் பெஞ்சிலிருந்து இன்று வரை மோமியின் வாயிலிருந்து அவளுக்கு வராத சொல்.

கதவு சாத்திக்கொண்டது. முடியாது என்றால் என்ன அர்த்தம்? நர்ஸிடம் பேசுகிற தெம்பு இப்போது இல்லை என்பதா? பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்பதா? கவெனா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். ஏன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்கிற வழக்கம் கிடையாது. தூக்கிய கையை அவள் இறக்கினாள்.